அட்டவணையில் இல்லாத ஏழு ஆடுகள்

டாக்டர் நப்பின்னையின் மரபணு ஆய்வகத்தில் புதன்கிழமை மூன்று மணிக்கு ஜர்னல் கிளப் நடக்கும். யாராவது ஒருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துவந்து விளக்க வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். ஒரு நல்ல கேள்வியாவது வராவிட்டால் அன்றைக்குக் கேன்டீன் பஜ்ஜி கிடையாது. இது நப்பின்னை வகுத்த சட்டம்.

அவருக்கு வயது முப்பத்தேழு. அப்பா தமிழாசிரியர், அதனால் அப்படி ஒரு பெயர். கடைசி வரிசையில் உட்காருவார். அதிகம் பேச மாட்டார். பேசினால் அன்று இரவு யாராவது ஒருவருக்குத் தூக்கம் போகும்.

அவருடைய மாணவர்களில் மூத்தவர் அருமைநாயகம். மூத்தவர் என்றால் நிஜமாகவே மூத்தவர். வயது ஐம்பத்தொன்று. ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருடமாக விலங்கியல் நடத்துகிறார். பார்ட் டைமில் பிஎச்.டி. செய்யச் சேர்ந்து ஆறாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நப்பின்னையை 'மேடம்' என்பார். நப்பின்னை அவரை 'சார்' என்பார். யாரைக் கண்டு யார் எழுந்து நிற்பது என்று தெரியாமல் முதல் வருடம் முழுக்க இரண்டு பேருமே நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜூன் முப்பதோடு அவருடைய பதிவுக்காலம் முடிகிறது. இரண்டு தடவை எக்ஸ்டென்ஷன் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது. அதற்குள் தீசிஸைக் கொடுத்தால்தான் வருடக் கடைசிக்குள் வைவா முடியும். ஜனவரியில் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டில் மூன்று முனைவர்கள். பத்திரிகையில் அந்தப் பக்கம் வரிசையாக மூன்று 'முனைவர்', இந்தப் பக்கம் வெறும் 'திரு'. இதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனிதர் வேறு எதற்கும் ஆசைப்பட்டவர் இல்லை, பாவம்.

அவருடைய ஆராய்ச்சி கன்னி ஆட்டைப் பற்றியது. கரிசல் காட்டு ஆடு. அதில் சில ஆடுகள் ஈத்துக்கு ஈத்து இரட்டைக் குட்டி போடுகின்றன. சில ஆடுகள் ஒன்றோடு நிறுத்திக்கொள்கின்றன. ஏன்?

இதற்கு வெளிநாட்டில் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள். ஆட்டின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால் இரட்டை, மாறாவிட்டால் ஒற்றை. அட்டையைப் பார்த்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும் ஓர் இதழில் வந்த கட்டுரை அது.

அதையே நம் ஆட்டிலும் காட்டிவிட்டால் போதும் என்று அருமைநாயகம் இறங்கினார். அறுபது ஆடுகளிடம் ரத்தம் எடுத்தார். டிஎன்ஏவைப் பிரித்தார். அதை நொதியால் வெட்டி ஜெல்லில் ஓட்டினார். எழுத்து மாறிய ஆட்டுக்கு இரண்டு கோடு விழும். மாறாத ஆட்டுக்கு ஒரு கோடு.

ஐம்பத்து மூன்று ஆடுகள் கட்டுரை சொன்னபடி நடந்துகொண்டன. ஏழு ஆடுகள் நடந்துகொள்ளவில்லை. அவற்றுக்கு ஜெல்லில் ஒரு கோடு, பட்டியில் இரட்டைக் குட்டி.

அருமைநாயகம் நப்பின்னையின் அறைக்கு ஓடினார்.

"மேடம், ஏழு ஆடு தப்பு பண்ணுது."

"என்ன தப்பு சார்?"

"ஒத்தை போட வேண்டியது ரெட்டை போடுது."

"யார் சொன்னா, ஒத்தைதான் போடணும்னு?"

"கட்டுரை சொல்லுது மேடம்."

நப்பின்னை மேசைக் காலண்டரைப் பார்த்தார்.

"வர்ற புதன்கிழமை அந்தக் கட்டுரையவே எடுங்க சார்" என்றார்.

புதன்கிழமை அருமைநாயகம் நாற்பத்திரண்டு ஸ்லைடுகளோடு வந்தார். முதல் ஸ்லைடில் இதழின் அட்டை. இரண்டாவதில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டடம், முன்னால் பனி கொட்டிக் கிடந்தது. மூன்றாவதில் தலைமை விஞ்ஞானியின் படம். நான்காவதில் அவர் வாங்கிய பரிசுகள். ஐந்தாவதிலும் பரிசுகள்தான்.

இன்பவல்லி கையைத் தூக்கினாள். முழுநேரம் ஆராய்ச்சி செய்கிற மாணவி, நாக்கில் கொஞ்சம் மிளகாய் உண்டு.

"சார், இது கட்டுரையா? பாராட்டு விழாவா?"

"பின்னணி தெரியணும்லா, அம்மா" என்றார் அருமைநாயகம்.

பத்தொன்பதாவது ஸ்லைடில் கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"எத்தனை ஆடு சார்?"

"என்னது மேடம்?"

"அவங்க எத்தனை ஆட்டுல பாத்தாங்க?"

அருமைநாயகம் காகிதங்களைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அது கட்டுரையில இல்ல மேடம். துணைக்கோப்புல பாக்கணும்னு போட்டுருக்காங்க."

"பாத்தீங்களா?"

"துணைக்கோப்ப யாரும் படிக்கது இல்லையே மேடம்."

"அடுத்த புதன் படிச்சிட்டு வாங்க."

ஜர்னல் கிளப் அத்தோடு கலைந்தது. நல்ல கேள்வி வந்துவிட்டபடியால் சட்டப்படி பஜ்ஜி வந்தது. அருமைநாயகம் தொடவில்லை. அவர் பங்கையும் இன்பவல்லியே சாப்பிட்டாள்.

அடுத்த புதன் அவர் கண் சிவந்து வந்தார். துணைக்கோப்பு தொண்ணூறு பக்கம்.

"பதினேழாம் பக்கத்துல இருக்கு மேடம். அட்டவணைக்குக் கீழ, பொடி எழுத்துல. பதினொண்ணு."

"பதினோரு ஆடா?"

"பதினோரு ஆடு."

"கட்டுரை எழுதினது எத்தனை பேர்?"

அருமைநாயகம் விரல் விட்டு எண்ணினார். "இருபத்து மூணு."

"ஆட்டுக்கு ரெண்டு பேர், ஒருத்தர் மேற்பார்வை" என்றாள் இன்பவல்லி.

நப்பின்னை சிரிக்கவில்லை.

"உங்ககிட்ட எத்தனை சார்?"

"அறுபது."

"எழுதுறது?"

"நான் ஒருத்தன்தான் மேடம்."

"ரத்தம் எடுத்தது?"

"அதுவும் நான்தான். ஒரு ஆடு முட்டி, முழங்கால்ல இன்னும் தழும்பு இருக்கு. காட்டட்டுமா?"

"வேண்டாம் சார்."

அருமைநாயகம் ஸ்லைடை அணைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போதுதான் அவர் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"அப்ப யார் சொல்லுதது சரி மேடம்? அவங்களா, நானா?"

"அவங்க அவங்க ஆட்டைப் பாத்தாங்க" என்றார் நப்பின்னை. பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க. ஆறிடும்."

அருமைநாயகம் சாப்பிட்டார். பேருந்து நிறுத்தம் வரை யோசித்துக்கொண்டே நடந்தார். உடன் வந்த இன்பவல்லியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, மேடம் அந்தப் பஜ்ஜியக் குடுக்கும்போது என்னமோ சொன்னாங்களே, உனக்கு விளங்குச்சா?"

"உப்பு கம்மின்னு சொல்லியிருப்பாங்க சார்."

அதன்பிறகு ஒரு மாதம் அவர் அந்த ஏழு ஆடுகளோடு மல்லுக்கட்டினார். சோதனையைத் திரும்பச் செய்தார். ஒரு கோடுதான் விழுந்தது. நொதி பழசாகிவிட்டது என்று புதிதாக வரவழைத்தார். ஒரு கோடு. கரண்ட் போய்ப் போய் வந்ததால் இருக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டினார். ஒரு கோடு. ஜெல் பெட்டியின் மேல் கை வைத்து ஒரு சின்ன ஜெபம் செய்தார். அதற்கும் ஒரே கோடு, முன்னைவிடத் தெளிவாக.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன்" என்று இன்பவல்லியிடம் புலம்பினார்.

"ஆட்டை மாத்திப் பாத்தீங்களா சார்?"

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். அருமைநாயகம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மாலை வெகுநேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து வெளியே வந்தபோது ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடிந்தது.

ஜூன் பதினைந்தாம் தேதி தீசிஸைக் கொண்டுவந்து நப்பின்னையின் மேசையில் வைத்தார். நூற்றெண்பது பக்கம். முதல் பக்கத்தில் வழிகாட்டியின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் மறுநாளே பைண்டிங்.

நப்பின்னை முன்னுரையைப் படிக்கவில்லை. முடிவுரையைப் படிக்கவில்லை. நேராக நான்காவது அட்டவணைக்குப் போனார்.

"ஐம்பத்து மூணுன்னு இருக்கு."

"ஆமா மேடம்."

"அறுபதுல்ல இருந்துச்சு?"

"ஏழு விலகிருச்சு மேடம்."

"அதுவாவா?"

அருமைநாயகம் கைக்குட்டையை எடுத்தார்.

"புள்ளியியல்ல அப்படி எடுக்கது உண்டு மேடம். கூட்டத்தோட ஒட்டாம ஒண்ணு ரெண்டு நிக்கும்லா, அத விலக்கிட்டுப் பாக்கலாம்னு இருக்கு. எடுத்துட்டுப் பாத்தா எல்லாம் அப்படியே கட்டுரையில உள்ள மாதிரியே வருது. பாருங்க, வரைபடம் எவ்வளவு அழகா இருக்குன்னு."

வரைபடம் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. கலரில் போட்டிருந்தார்.

"வரலன்னா என்ன சார் ஆகும்?"

அருமைநாயகம் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"பயமா இருக்கு மேடம். நான் ஒரு விலங்கியல் வாத்தியார். ரெண்டு பஸ் மாறி வந்து ஜெல் ஓட்டுதவன். அவங்க இருபத்து மூணு பேரு. அவங்க முன்னால நின்னுகிட்டு, எங்க ஆடு அப்படி இல்லன்னு சொல்ல எனக்கு என்ன தைரியம் இருக்கு? நமக்கு வரப்போற எக்ஸாமினர் அந்தக் கட்டுரையில பாதி நெட்டுரு போட்டவரு. இது என்னன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாருன்னா ஆறு வருசமும் போச்சு. ஜூன் முப்பதுக்கு மேல என் பேரே பதிவுல இருக்காது. என் மக முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

நப்பின்னை தீசிஸை மூடினார்.

"அந்த ஏழும் இப்ப எங்க சார் இருக்கு?"

"எந்த ஏழு மேடம்?"

"நீங்க எடுத்த ஏழு."

"எக்ஸெல்ல தனி ஷீட்டுல பத்திரமா வச்சிருக்கேன் மேடம்."

"ஆடு சார். ஆடு."

அருமைநாயகம் விழித்தார். இப்படி ஒரு கேள்வி வரும் என்று எந்த ஆய்வு முறையியல் புத்தகத்திலும் போடவில்லை.

"ரெண்டு வித்துப்போச்சு. ஒண்ணைக் கோயில் கொடைக்கு வெட்டிட்டாங்க. மிச்சம் நாலு ஆட்டுக்காரர் உச்சிமாகாளிகிட்ட நிக்கும்."

"நாளைக்குக் காலையில போலாம். தீசிஸை நான் எடுத்துட்டு வர்றேன்."

மறுநாள் இருவரும் பேருந்தில் போனார்கள். நப்பின்னை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கரிசலைப் பார்த்துக்கொண்டு வந்தார். மடியில் தீசிஸ் இருந்த பை. அருமைநாயகத்துக்குப் பக்கத்து இருக்கை. வழி நெடுக அவர் மனதுக்குள் பதில்களைத் தயார் செய்துகொண்டே வந்தார். என்ன கேள்வி வரும் என்று தெரியாததால் எல்லாக் கேள்விக்கும் தயார் செய்தார்.

உச்சிமாகாளிக்கு நூறு ஆடு. ஊருக்கு வெளியே முள்வேலி போட்ட பட்டி. அவர் இவர்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். அவருக்கு முன்னால் ஆடுகள் பார்த்துவிட்டன. அருமைநாயகம் வேலிக்குள் காலை வைத்ததும் பாதிப் பட்டி எதிர்ப்பக்கம் ஓடியது.

"சார், உங்களக் கண்டாலே ஊசின்னு நினைச்சு ஓடுதுக" என்றார் உச்சிமாகாளி. "வாங்கம்மா. இவரு சொல்லுவாரே, பெரிய மேடம்னு, அது நீங்கதானா? பெரியவங்களா இருப்பீகன்னு நெனச்சேன்."

"முப்பத்தெட்டாம் நம்பர் ஆடு எதுங்க?" என்று கேட்டார் நப்பின்னை. அந்த ஏழில் ஒன்று அது.

"அந்தா நிக்கில்லா, நேத்துதான் ஈனுச்சு. அதான் ஓட முடியாம நிக்கி."

வேலி ஓரத்தில், காதில் மஞ்சள் வில்லை தொங்க, அந்த ஆடு நின்றது. கரிய உடம்பு, முகத்தில் கண்ணிலிருந்து மூக்கு வரை இரண்டு வெள்ளைக் கோடு. மடிக்குக் கீழே இரண்டு குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்று கொழுக்மொழுக்கென்று இருந்தது. மற்றது கொஞ்சம் பூஞ்சை உடம்பு, ஆனால் அதுதான் பலமாக முட்டியது.

"முந்தின ஈத்துல?" என்று கேட்டார் நப்பின்னை.

"ரெண்டு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுலயும் ரெண்டுதாம்மா. இது என்னைக்கு ஒண்ணு போட்டுச்சு? சாருக்குத் தெரியுமே, எழுதிக்கிட்டாரே." உச்சிமாகாளி அருமைநாயகத்தின் பக்கம் திரும்பினார். "ஆமா சார், ரத்தம் எடுத்துட்டுப் போயி மூணு வருசமாச்சே, ரிசல்ட்டு வந்துச்சா? என் ஆட்டுக்கு என்னவாம்?"

அருமைநாயகம் நப்பின்னையைப் பார்த்தார். நப்பின்னை ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை.

"அது வந்து, ரெட்டைக் குட்டி போடணும்னா ரத்தப் பரிசோதனையில ரெண்டு கோடு விழணும். இதுக்கு ஒரு கோடுதான் விழுந்துச்சு."

"ஒரு கோடா?" உச்சிமாகாளி ஆட்டின் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிக் காட்டினார். "மூஞ்சியில ரெண்டு கோடு தெளிவா இருக்கே, பாக்கலியா நீங்க?"

"அந்தக் கோடு இல்லைய்யா. உள்ளுக்குள்ள உள்ள கோடு."

"சரி, உள்ளுக்குள்ள ஒண்ணு. அதுக்கு?"

"அதனால இது ஒரு குட்டிதான் போடணும்."

"யாரு சொன்னா?"

"வெளிநாட்டுல."

உச்சிமாகாளி ஆட்டைப் பார்த்தார். குட்டிகளைப் பார்த்தார். அப்புறம் மரியாதைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அவங்க இங்க வந்து பாத்தாங்களா சார்?"

அருமைநாயகம் யோசித்துப் பார்த்தார். பேருந்தில் தயாரித்த பதில்களில் இதற்கு ஒன்றுமே இல்லை. அவர் நப்பின்னையிடம் திரும்பினார். கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"மேடம், அவ்வளவு பெரிய இதழு. அவங்க தப்பா போடுவாங்களா?"

நப்பின்னை பையிலிருந்து தீசிஸை எடுத்தார். வேலி ஓரத்துக் கல்லின் மேல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தைப் பிரித்தார். பேனாவின் மூடியைத் திறந்தார்.

அருமைநாயகம் பேனாவையே பார்த்தார். மகளின் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் உறை, தங்க எழுத்து, எல்லாம் கண்ணில் வந்துவிட்டது. நானாக இருந்தாலும் எனக்கும் வந்திருக்கும்.

"அவங்க தப்பா போட்டாங்கன்னு நான் சொல்லல சார். இந்த ஆடு ஒண்ணுதான் போடும்னு அவங்க அட்டவணை சொல்லுது. உங்க அட்டவணையும் இப்ப அதையே சொல்லுது. சரி. நானும் ஒத்துக்குறேன். இங்கயே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குக் காட்டிருங்க."

பேனா முனையால் மடியை முட்டிக்கொண்டிருந்த இரண்டையும் காட்டினார்.

"இதுல எது சார், இல்லாத குட்டி?"

உச்சிமாகாளி சட்டென்று குனிந்து இரண்டு குட்டிகளையும் தூக்கி இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அருமைநாயகம் அந்தக் கொழுத்ததைப் பார்த்தார். பூஞ்சையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, கல்லின் மேல் இருந்த தீசிஸை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.